தெருவுக்கே கேட்கிற போன்

பேரை எழுத மாட்டேன். திருப்புட்குழியில் ஒரு பஞ்சாயத்தில் அந்தப் பேரை ஆளாளுக்கு வேண்டிய மட்டும் சொல்லித் தீர்த்தாயிற்று. எனக்கு அத்தை. அப்பாவோட தங்கை. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அவள் ‘ஸ்பீக்கர்’. யார் வைத்த பேர் என்று தெரியாது. கூப்பிட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அத்தைக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது ஒரு சைனா செட். அந்த வருஷம் ஊர் முழுக்க அதுதான். ரெண்டு சிம், ஒரு டார்ச், இழுத்தால் நீளுகிற ஆன்டெனா, பின்பக்கம் வரிசையாக ஸ்பீக்கர் ஓட்டைகள். ரிங் அடித்தால் செட்டே பச்சையும் சிவப்புமாக மின்னும். மற்றவர்கள் அதில் பாட்டுப் போடுவார்கள். அத்தை பேசுவாள். எப்போதும் ஸ்பீக்கரில். யார் கூப்பிட்டாலும், எங்கே இருந்தாலும். அந்தச் செட்டை அவள் காதில் வைத்து நான் பார்த்ததே இல்லை.

கேட்டால் கையைக் காட்டுவாள். “வேலையில இருக்குதே பாப்பா, எந்தக் கையால புடிக்கறது?” காரணம் சரியாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுத் தறியில் கோர்வைச் சேலை போடுவார்கள். உடம்பு ஒரு கலர், பார்டர் ஒரு கலர். ரெண்டும் சேருகிற வேலையை ஒரே ஆள் செய்ய முடியாது. அப்பா தறிக் குழியில் உட்கார்ந்து நெய்வார், இடதுபக்கம் அத்தை உட்கார்ந்து பார்டர் நூல் சுற்றிய நாடாக் கட்டையைத் தள்ளிவிடுவாள். அவள் தள்ளினால்தான் அப்பாவுக்கு அடுத்த இழை. ரெண்டு பேருக்கும் நடுவில், பழைய டிபன் டப்பா மூடியில் போன் மல்லாக்கக் கிடக்கும். அடித்தால் முட்டியால் ஒரு தட்டு. அவ்வளவுதான், வீடு முழுக்க ஒளிபரப்பு.

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலில் இருந்தேன். முதல் செமஸ்டரில் கணக்கு போச்சு. அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டு அத்தைக்குப் போன் போட்டு, மெஸ் பின்பக்கம் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, “அத்த, யார்கிட்டயும் சொல்லாத” என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியமே ஸ்பீக்கரில்தான் போனது. பின்னாலிருந்து அம்மா, “எத்தினி மார்க்குடி?” என்றாள். அந்த வாரம் ஊருக்குப் போய் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், எங்கள் தெரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, “இன்னாமா, கணக்குல வுட்டுட்டியாமே” என்கிறார்.

“ஏன் அத்த இப்டி மானத்த வாங்கற?”

“நான் எங்க சொன்னேன்? நீதான சொன்ன. நான் எல்லாரும் கேக்கற மாறி கேட்டுக்கினு இருந்தேன்.”

கிரெடிட் கார்டு விற்கிற பெண் ஒருத்தி ஒருநாள் சென்னையிலிருந்து கூப்பிட்டாள். அத்தை அவளுக்குக் கல்யாணம் ஆச்சா, ஹாஸ்டலா வீடா, மதியம் என்ன குழம்பு என்று எல்லாம் விசாரித்து முடித்தாள். அந்தப் பெண் பொறுமையாக, “உங்களுக்கு மட்டும் ஒரு ரகசிய நம்பர் குடுப்போம் மேடம், வீட்ல யாருக்கும் தெரிய வேணாம்” என்றாள். அத்தையின் கை நாடாவில் நின்றது.

“எங்க வூட்ல அந்தப் பழக்கம் இல்லமா. நீ வேற யாருக்குனா குடு.”

நாங்கள் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன், அப்போது ஒன்றும் புரியவில்லை.

கை வேலையில் இருக்கிறது என்பது சாக்கு என்று தெரிந்தது செல்போன் கடையில். ஒரு மழைநாளில் செட்டில் தண்ணீர் இறங்கி ஸ்பீக்கர் போய்விட்டது. அன்றிலிருந்து அத்தை வருகிற கால் எல்லாவற்றையும் கட் பண்ணிக்கொண்டே இருந்தாள். லீவில் வந்திருந்த என்னை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். கடைக்காரர் பாய் செட்டைப் பிரித்துப் பார்த்தார்.

“மேல இருக்கற ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்குதுமா. காதுல வெச்சா கேக்கும். பெரிய ஸ்பீக்கர்தான் போச்சு. அது இல்லாட்டி இன்னா, வுட்டுருங்க.”

“காதுல வெச்சி பேசறதுக்கு எனக்கு யாரும் இல்ல பாய். அந்தப் பெருச போட்டுக் குடுங்க.”

பாய் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடிக்குள் இருந்த ஹெட்போன்களைப் பார்த்தேன். வேறெங்கே பார்ப்பது?

வீட்டுக்கு வந்து அம்மாவைக் குடைந்தேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

அத்தையைக் கொடுத்த இடம் திருப்புட்குழி. மாமாவுக்கு மளிகைக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு, வீட்டில் போன். ஊரில் ரெண்டு மூணு வீட்டில் மட்டும் போன் இருந்த காலம். எக்ஸ்சேஞ்சைப் புதுசாக மாற்றினார்கள், எல்லார் நம்பரும் மாறியது. வாலாஜாபாத் ரைஸ் மில்லுக்குப் போக வேண்டிய கால் எல்லாம் மாமா வீட்டில் வந்து விழ ஆரம்பித்தது. அதில் ஒரு ஆள் மட்டும் திரும்பத் திரும்ப. மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சென்னைக்குப் போய் காலர் ஐடி பொட்டி ஒன்று வாங்கி வந்து போன் பக்கத்தில் வைத்தார். யார் கூப்பிட்டார்கள், எப்போது என்று சின்னக் கண்ணாடியில் நம்பர் காட்டுகிற பொட்டி. கொஞ்ச நாள் கழித்து அதைப் பிடுங்கிக்கொண்டு போய், பஞ்சாயத்தில் பெரியவர்கள் முன்னால் வைத்து, பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு நம்பராகப் படித்துக் காட்டினார்.

“உங்கப்பா போனாரு. கோயில் வாசல்ல கற்பூரத்த ஏத்தி கையால அடிச்சி அணைச்சாரு. ‘என் தங்கச்சி அந்த ஆளுகிட்ட ஒரு வார்த்த பேசனது இல்ல, இது சத்தியம்’னாரு. அப்பவும் அவுங்க நம்பல. புள்ளைய வெச்சிக்கினு இவள அனுப்பிட்டாங்க.”

“அதனாலயா ஸ்பீக்கர்?”

“யாரும் போட சொல்லலடி” என்றாள் அம்மா. கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, “வாணாம்னும் சொல்லல” என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. ஹாஸ்டலில் அத்தை கால் வந்தாலே ரூம்மேட்டுகள் “எஃப்.எம். வந்துருச்சு” என்று ஓடி வந்து சுற்றி உட்காருவார்கள். நானும் என் பக்கத்தில் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுப்பேன். எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது.

அப்புறம் ஒரு மதியம் அந்தப் போன் அடித்தது. தெரியாத நம்பர். அத்தை முட்டியால் தட்டினாள்.

“ம்மா” என்றது ஒரு குரல். உடைந்து முடியாத ஆண்குரல்.

அத்தை கையில் நாடாவை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். ரெண்டாம் வகுப்புப் படிக்கும்போது அவளிடமிருந்து பிரித்து வைத்துக்கொண்ட பிள்ளை. இப்போது பாலிடெக்னிக் சேர்ந்து, சொந்தமாக செட் வாங்கி, எங்கேயோ விசாரித்து நம்பர் பிடித்திருக்கிறான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் வீடே பேசிவிட்டது. அம்மா, “டேய் கண்ணு, நான் உங்க மாமி பேசறேன்!” என்று அடுப்படியிலிருந்து கத்தினாள். அப்பா, “உங்கப்பனுக்கு இப்பதான் புத்தி வந்துச்சாமா?” என்றார். நான் வேறு, “ஹாய்டா!” என்றேன். கடைசியில் அவன் மெதுவாக, “எத்தினி பேரு மா கேக்கறாங்க?” என்றான்.

“நம்மாளுங்கதான்டா. பேசு.”

“தனியா பேச மாட்டியா?”

“பேசு, எல்லாருக்கும் கேக்கட்டும்” என்றாள் அத்தை. அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று பிள்ளைக்குக் காட்டுகிறாளாம். அவன், “அப்பறமா பண்றேன்” என்று வைத்துவிட்டான்.

கால் பண்ணவில்லை. மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அத்தைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. நான் லீவில் இருந்தேன், நான்தான் படித்துக் காட்டினேன். தறி பக்கத்தில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி, நியூஸ் வாசிக்கிற மாதிரி. ‘இன்னிக்கு லேத் மெஷின்ல நின்னேன். இரும்பு சில்லு விரல்ல பட்டுச்சு.’ உடனே வீட்டில் மீட்டிங்.

“தேங்காண்ண தடவ சொல்லு” என்பாள் அம்மா.

“டிடி ஊசி போட சொல்லு. துரு புடிச்சதா கேளு” என்பார் அப்பா.

“வலிக்குதாடான்னு மட்டும் போடு பாப்பா” என்பாள் அத்தை.

நான் மூன்றையும் சேர்த்து அடித்து அனுப்புவேன். அந்தப் பையனுக்கு அம்மாவிடமிருந்து ஒரு மெசேஜ்கூட அம்மாவிடமிருந்து மட்டும் வந்ததில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. இன்ஜினியரிங் படிக்கிறேன், செட்டில் எந்த செட்டிங்கும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. இது மட்டும் தோன்றவில்லை.

அத்தை மாறிப்போனாள். மெசேஜ் சத்தம் கேட்டால் முகம் சிவக்கும். அவன் எப்போது வருவான், தீபாவளிக்கு அனுப்புவார்களா, வந்தால் எங்கே படுக்க வைப்பது என்று எல்லாம் என்னோடு பேசிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவன் திரும்ப வருவது அந்த மெசேஜ் சத்தத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது, அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அந்த மெசேஜும் மதியம்தான் வந்தது. எல்லாரும் இருந்தார்கள். நான் வாயில் பாதி முறுக்கோடு எடுத்துப் படித்தேன்.

“‘ம்மா, ஒன்னு கேக்கணும். அப்பா சொல்றது உண்மையா? அந்த ஆளுகூட நீ போன்ல…’”

நிறுத்தினேன். நிறுத்தி என்ன பிரயோஜனம்? மிச்சம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அப்பா அத்தையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். “இல்லன்னு போடு.”

அத்தை நாடாவைத் தள்ளாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

“இல்லன்னு போடு பாப்பா. என்னாத்துக்கு யோசிக்கற? கற்பூரம் அடிச்சி சொன்னதுடி அது.”

என் கட்டைவிரல் கீபேடில் நின்றது. அத்தை நாடாவைக் கீழே வைத்தாள். “போடாத. குடு இங்க” என்று செட்டை வாங்கினாள். பச்சைப் பட்டனை அமுக்கி, ஸ்பீக்கரைத் தட்டி, பழையபடி டப்பா மூடியில் வைத்தாள். அவன் உடனே எடுத்தான்.

“மெசேஜ் வந்துதுடா. கேட்டியே.”

“ம்.”

“பேசனேன்டா.”

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தை யாரையும் பார்க்காமல், பாதி நெய்த சேலையைப் பார்த்துக்கொண்டு, கடைக்காரரிடம் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்.

“மொத தபா ராங் நம்பருன்னு சொல்லி வெச்சிட்டேன். ரெண்டாவது தபா, எங்கேந்து பேசறீங்கன்னு கேட்டேன். தென்னேரின்னாரு. ஏரி ரொம்பி கலங்கல் வழியா தண்ணி போவுது, சத்தம் இங்க வரைக்கும் கேக்குதுன்னாரு. எனக்கு அத கேக்க நல்லா இருந்துச்சி. அதுக்கப்பறம் அவரு வேணும்னேதான் போட்டாரு. நானும் வேணும்னேதான் எடுத்தேன். ஏரி, மழ, அவரு மாடு கன்னு போட்டது. அவ்ளோதான் பேச்சு. மூஞ்ச பாத்தது இல்ல. பேரு கேட்டது இல்ல. ஆனா பேசனேன்.”

அந்தப் பக்கம் அவன் மூச்சு கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு குரல் வந்தது. கனத்த குரல்.

“கேட்டியாடா? அவ வாயாலயே வந்துச்சா? நான் சொன்னப்ப நம்புனியா நீ?”

மாமா. அவன் போனும் ஸ்பீக்கரில் இருந்தது. கேள்வியையே அவர்தான் அடிக்கச் சொல்லியிருக்கிறார்.

அப்பா தறிக் குழியிலிருந்து எழுந்துவிட்டார். அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தாள். செட்டின் பக்கம் குனிந்தாள்.

“நீயும் கேட்டுக்கினுதான் இருக்கியா? நல்லது. அன்னிக்கே என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். நீ பொட்டிய கேட்ட. எங்க அண்ணன கேட்ட. ஊரக் கூட்டி கேட்ட. என்னைக் கேக்கல.”

அங்கே கட் பண்ணினார்கள்.

அப்பா அத்தையின் பக்கம் திரும்பினார். “நான் சாமி முன்னால அடிச்சேனேடி. ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“நீயும் கேக்கலண்ணா” என்றாள் அத்தை. கோபமே இல்லாமல். “நீ சத்தியம் பண்ணிட்டு வந்து, கவலப்படாத, முடிச்சிட்டேன்னு சொன்ன. அதுக்கு மேல நான் இன்னா சொல்றது? எம் புள்ளைக்குத்தான் மொத மொத கேக்கணும்னு தோணுச்சுன்னு நெனச்சேன். அதான் சொன்னேன்.”

அந்த வாக்கியத்தை முடிக்கும்போதுதான் அவள் குரல் கொஞ்சம் கீழே போனது. ஏனென்றால் கேட்டது அவனும் இல்லை.

அப்பா மூன்று நாள் தறியில் உட்காரவில்லை. அத்தை தினமும் காலையில் அவள் இடத்தில் வந்து உட்கார்ந்து, நாடாவைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிற காலிக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் இல்லாமல் அந்தச் சேலை ஒரு இழை நகராது. நாங்கள் அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தோம், அவளிடம் காபி கொடுத்தோம், யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்மேல் கோபம் என்று தெருவில் நினைத்திருப்பார்கள். அப்படி இருந்திருந்தால் எவ்வளவு லேசு! நாலாம் நாள் அப்பா வந்து குழியில் இறங்கினார். “தள்ளு” என்றார். அவள் தள்ளினாள்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு புதுப் பழக்கம் வந்தது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அத்தையின் போன் அடித்தால் அப்பா காலைக் குழியிலிருந்து எடுத்துவிட்டு வெளியே போய்விடுவார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் போவாள். நான் புக்கை மூடிவிட்டுப் போவேன். கிரெடிட் கார்டுக்காரி கூப்பிட்டாலும்தான். ஆனால் அத்தை ஸ்பீக்கரை விடவில்லை. அவளுக்கு வேறு மாதிரிப் பேசத் தெரியாது. அந்தச் செட்டின் சத்தமோ தெருவுக்கே வரும். நாங்கள் வாசலில் நின்றுகொண்டு, கேட்காத மாதிரி நிற்கப் பழகிக்கொண்டோம்.

ரொம்ப நாள் பையனிடமிருந்து ஒன்றும் இல்லை. மெசேஜ் சத்தம் எல்லாம் கம்பெனிக்காரன் ஆஃபர். படித்துக் காட்டவா என்று கேட்க எனக்கு வாய் வராது.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் போன் அடித்தது. வழக்கம்போல எழுந்து வெளியே வந்தோம், மூன்று பேரும் வெறுங்காலோடு. தரை சுட்டது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“இன்னா, குடும்பத்தோட வெயில்ல நிக்கறீங்க?”

“காத்து வாங்கறோம்பா” என்றார் அப்பா.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது.

“ம்மா. மொட்ட மாடில இருக்கேன். அப்பா கடைல இருக்குது. நான் மட்டும்தான்.” அப்புறம் சந்தேகத்தோடு, “உன்னுது ஸ்பீக்கரா?” என்றான்.

“ஆமான்டா.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆனா இங்க யாரும் இல்ல” என்றாள் அத்தை. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். “சொல்லு.”

“அன்னிக்கு நானா கேக்கல மா.”

“தெரியும்டா.”

“அப்பாதான்…”

“அத வுடு. இப்ப நீயா எதனா கேக்கணும்னா கேளு.”

அப்பா எங்கள் ரெண்டு பேர் முதுகிலும் கை வைத்துத் தள்ளினார். “நடங்க, நடங்க” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. சுடுகிற தரையில் குதித்துக் குதித்து நடந்தோம். அடுத்த வீடு தாண்டினோம், அதற்கடுத்த வீடும். அந்தப் பாழாய்ப்போன செட்டின் சத்தம் விடாமல் பின்னால் வந்தது. அம்மா முந்தானையால் காதை மூடிக்கொண்டாள். எங்களைத் தாண்டி முன்னால் போய்விட்ட அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இந்த வயதில், ஓடவே ஆரம்பித்துவிட்டார்.

அவன் என்ன கேட்டான் என்பது தெரு முனை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அவள் சொன்ன பதிலும். ரெண்டையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.